'பை'க்குள் இருப்பது இரட்டிப்பா, பாதியா?

இரண்டாமாண்டு, பி.எஸ்சி. விலங்கியல்

ஆங்கிலத்தில் பெரிய சொல் ஒன்று எதிர்ப்பட்டால் நாம் அகராதியைத் தேடுகிறோம். சிறிய சொல் எதிர்ப்பட்டால், தெரிந்ததுதானே என்று கடந்து விடுகிறோம். அவ்வாறு நான் கடந்து சென்ற ஒரு சிறு முன்னொட்டைப் பற்றியதே இக்கட்டுரை. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டெழுத்து. தமிழில் எழுதினால் ஓரெழுத்து. 'பை' என்பதே அது. பை-வீக்லி, பை-மந்த்லி, பையானுவல், பையென்னியல் என, ஒரு செயல் எவ்வளவு காலத்துக்கு எத்தனை முறை நிகழ்கிறது என்பதைக் கூறும் சொற்களின் தலையில் அது நிற்கும். மாணவ நண்பர்களுக்கு இது மிகச் சிறிய செய்தியாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

நான் படித்துச் சொன்ன சீட்டு

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் வீட்டுக்கு வரும் ஆங்கிலக் காகிதம் எதுவாயினும் என் கைக்குத்தான் வரும். மின்கட்டணச் சீட்டு, வங்கிக் கடிதம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் நானே படித்துச் சொல்வேன். நான் சொன்னால் அதற்கு மறுபேச்சில்லை.

சென்ற ஆண்டு என் சித்தப்பாவின் காலில் ஆணி குத்திவிட்டது. அவர் தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். சர்க்கரை நோயும் உண்டு. புண் ஆறாமல் ஒரு மருத்துவமனையில் சில நாள் இருந்துவிட்டு வீடு திரும்பினார். அங்கே கொடுத்த சீட்டைச் சித்தி என்னிடம் நீட்டினார்.

"கட்டு எப்ப மாத்தணும்னு இதுல எழுதியிருக்காம். பாத்துச் சொல்லுப்பா."

சீட்டில் 'டிரெஸ்ஸிங் பை-வீக்லி' என்றிருந்தது. எனக்கு ஐயமே எழவில்லை. எங்கள் வீட்டு மின்கணக்கு 'பை-மந்த்லி'. கணக்கெடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அவ்வாறெனில் பை-வீக்லி என்பது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றுதானே பொருள்படும்? "பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ சித்தி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பதினோராம் நாள் கட்டிலிருந்து நாற்றம் வந்தது. காய்ச்சலும் வந்தது. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது செவிலியர் ஒருவர் கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: "என்னப்பா இது, வாரத்துக்கு ரெண்டு தடவ வரச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கே, இத்தனை நாள் எங்க போனீங்க?" சித்தி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் தலை குனிந்து நின்றேன்.

விரலை எடுக்க வேண்டிய நிலை வராமல் மருத்துவர்கள் காப்பாற்றினார்கள். ஆனால் சித்தப்பா மேலும் இரண்டு மாதம் வண்டி ஓட்டவில்லை. நாள் வருமானத்தில் நடக்கும் குடும்பத்தில் அதன் பொருள் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

அகராதி சொல்வது

மறுநாள் கல்லூரிக்கு வந்ததும் எங்கள் ஆங்கிலப் பேராசிரியரிடம் நடந்ததைக் கூறினேன். அவர் நூலகத்திலிருந்து ஓர் அகராதியை எடுத்து என் முன் விரித்தார். 'பை-வீக்லி' என்ற சொல்லுக்கு அதில் இரண்டு பொருள் கொடுத்திருந்தது. ஒன்று, வாரத்துக்கு இருமுறை. மற்றொன்று, இருவாரத்துக்கு ஒருமுறை. 'பை-மந்த்லி'க்கும் அவ்வாறே இரண்டு. ஒரே சொல்லுக்கு ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு பொருள்கள்; இரண்டையும் அகராதி ஏற்றுக்கொள்கிறது.

இதற்குக் காரணம் அந்த முன்னொட்டின் பிறப்பிலேயே உள்ளது. இலத்தீன் மொழியில் 'பிஸ்' என்றால் இருமுறை. அதனோடு உறவுடைய 'பை' இரண்டு என்னும் எண்ணைக் குறிக்கும். அந்த இரண்டை எதன்மேல் ஏற்றுவது என்பதுதான் வினா. முறையின்மேல் ஏற்றினால் 'வாரத்துக்கு இரண்டு முறை'. காலத்தின்மேல் ஏற்றினால் 'இரண்டு வாரத்துக்கு ஒருமுறை'. சொல்லோ, எதன்மேல் ஏற்ற வேண்டுமென்று காட்டுவதில்லை. வழக்கத்தை அறிந்தவர் புரிந்துகொள்வார், அறியாதவர் ஊகிப்பார். நான் ஊகித்தேன்.

ஊருக்குள்ளேயே இருவேறு வழக்கு

இக்குழப்பத்துக்கு அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. தாம்பரம் இரயில் நிலையத்தில் நின்றாலே போதும். நம் இரயில்வே துறையின் வழக்கில் 'பை-வீக்லி எக்ஸ்பிரஸ்' என்பது வாரத்தில் இரண்டு நாள் ஓடும் வண்டி. 'ட்ரை-வீக்லி' என்பது வாரத்தில் மூன்று நாள் ஓடுவது. 2023ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தாம்பரம்–செங்கோட்டை விரைவு வண்டியை ட்ரை-வீக்லி என்று குறித்தது இந்த வழக்குப்படிதான். மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் செங்கோட்டைக்கு வண்டி என்று எவரும் எண்ணிக் காத்திருப்பதில்லை.

இவ்வழக்கு சென்னையில் பழமையானதும்கூட. 'தி இந்து' நாளிதழ் 1878இல் வார இதழாகத் தோன்றி, 1883இல் வாரம் மும்முறை வரும் இதழாகி, 1889இல் நாளிதழாயிற்று. அதன் வரலாற்றை எழுதுவோர் இடைப்பட்ட நிலையை 'ட்ரை-வீக்லி' என்றே குறிக்கின்றனர். இங்கும் எண் முறையின்மேல்தான் ஏறி நிற்கிறது.

அதே இரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து மின்கட்டணச் சீட்டை எடுத்தால் கதை தலைகீழாகிவிடுகிறது. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் வீட்டு இணைப்புகளுக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்ற அறிவிப்பு வந்தபோது, அது 'பை-மந்த்லி' கணக்கில் வந்தது. அதாவது இரண்டு மாதத்துக்குச் சேர்த்து 100 யூனிட்; மாதம் ஒன்றுக்கு 50. ஒருவர் அதையே 'மாதம் இருமுறை' என்று கொண்டால் மாதத்துக்கு 200 யூனிட் இலவசம் என்று கணக்குப் போடுவார்!

பாரத ரிசர்வ் வங்கி வட்டி விகிதம் பற்றிய தன் கொள்கை அறிக்கையை 2014ஆம் ஆண்டு முதல் 'பை-மந்த்லி' அறிக்கை என்று வெளியிடுகிறது. அதுவும் இரண்டு மாதத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு ஆறு என்னும் கணக்கே. ஆக, நம் நாட்டு வழக்கில் பை-வீக்லி வண்டி வாரத்துக்கு இருமுறை வருகிறது. பை-மந்த்லி கட்டணமோ இரு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. ஒரே முன்னொட்டு இரயில் நிலையத்தில் ஒரு பொருளும் மின்வாரியத்தில் வேறொரு பொருளும் தருகிறது. நான் மின்வாரியத்தில் கற்றதை மருத்துவமனையில் பயன்படுத்தினேன். இரயில் நிலையத்தில் கற்றதைப் பயன்படுத்தியிருந்தால் சித்தப்பா தப்பித்திருப்பார்.

பிழையின் அளவு என்ன?

அறிவியல் மாணவனாகையால் இப்பிழையை அளந்து பார்க்க விரும்பினேன். ஓராண்டில் ஏறத்தாழ 52 வாரங்கள்.

வாரத்துக்கு இருமுறை எனில் ஆண்டுக்கு 104 முறை.
இருவாரத்துக்கு ஒருமுறை எனில் ஆண்டுக்கு 26 முறை.
மாதத்துக்கு இருமுறை எனில் ஆண்டுக்கு 24 முறை.
இரு மாதத்துக்கு ஒருமுறை எனில் ஆண்டுக்கு 6 முறை.

முதலிரண்டின் விகிதம் நான்கு; பின்னிரண்டின் விகிதமும் நான்கு. 'இரண்டு' என்பதில்தானே குழப்பம், ஆகவே பிழையும் இருமடங்குதான் இருக்கும் என்று நாம் எண்ணுவோம். அவ்வாறில்லை. ஒரு பொருளில் இரண்டால் பெருக்குகிறோம்; மறு பொருளில் இரண்டால் வகுக்கிறோம். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு இரண்டின் வர்க்கம், அதாவது நான்கு மடங்கு. 'ட்ரை' என்னும் முன்னொட்டிலோ மூன்றின் வர்க்கமாகிய ஒன்பது மடங்கு. வாரம் மும்முறை என்றால் ஆண்டுக்கு 156; மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் 17 அல்லது 18. என் சித்தப்பாவின் காலுக்கு நான் நான்கில் ஒரு பங்கு மருத்துவமே கிடைக்கச் செய்தேன் என்பதை இந்தக் கணக்குப் போட்ட அன்றுதான் உணர்ந்தேன்.

ஆண்டுகளைக் குறிக்கும் சொற்கள்

ஆண்டைப் பொறுத்தமட்டில் ஆங்கிலம் சற்று இரக்கம் காட்டியுள்ளது. அங்கே இரண்டு பொருளுக்கும் இரண்டு சொற்கள் உள்ளன. 'பையானுவல்' என்றால் ஆண்டுக்கு இருமுறை. 'பையென்னியல்' என்றால் ஈராண்டுக்கு ஒருமுறை. ஆயினும் ஒலியில் இரண்டும் உடன்பிறந்தாரைப் போலிருப்பதால் மாறிப்போவது எளிது. இங்கும் வேறுபாடு நான்கு மடங்கே.

2024ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு, உயர்கல்வி நிறுவனங்கள் விரும்பினால் ஆண்டுக்கு இருமுறை மாணவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. செய்திகளில் அது 'பையானுவல்' சேர்க்கை எனப்பட்டது. இதைப் பையென்னியல் என்று படித்தவர், இனி ஈராண்டுக்கு ஒருமுறைதான் கல்லூரியில் இடம் என்று அஞ்சியிருப்பார். மாறாக, மாநிலங்களவை உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கினர் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஓய்வு பெற வேண்டுமென்பது அரசியலமைப்பின் 83ஆம் பிரிவு. அதற்காக நடக்கும் தேர்தல் 'பையென்னியல்' தேர்தல். 2012 டிசம்பரில் கொச்சியில் தொடங்கிய கலைக் கண்காட்சியின் பெயரிலுள்ள 'பியனாலே' என்னும் இத்தாலியச் சொல்லும் ஈராண்டுக்கு ஒருமுறை என்ற பொருளுடையதே.

தாவரவியல் வகுப்பில் நாம் படிக்கும் 'பையென்னியல்' தாவரத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். காரட், பீட்ரூட், முட்டைக்கோசு ஆகியவை முதலாண்டில் இலையும் வேரும் வளர்த்து உணவைச் சேமித்து, இரண்டாமாண்டில் பூத்து விதை தந்து மடிவன. இங்கே அச்சொல் 'ஈராண்டுக்கு ஒருமுறை' என்பதைக் குறிக்கவில்லை; 'ஈராண்டு வாழ்வது' என்பதைக் குறிக்கிறது. ஆகவே இதற்கு 'ஈராண்டுத் தாவரம்' என்னும் தமிழ்ச்சொல் மிகவும் பொருத்தமாகும்.

நாம் அன்றாடம் உச்சரிக்கும் 'செமஸ்டர்' என்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. 'செமி' என்றால் பாதி. ஆகவே ஆண்டில் பாதி செமஸ்டர் என்று நம்மில் பலர் கருதுகிறோம். விடை சரிதான், வழி தவறு. அது ஆறு என்னும் பொருளுடைய 'செக்ஸ்' என்ற இலத்தீன் எண்ணும், மாதம் என்னும் பொருளுடைய 'மென்ஸிஸ்' என்ற சொல்லும் சேர்ந்து பிறந்தது. ஆறு மாதம் என்பதே அதன் பொருள்.

ஃபோர்ட்நைட்டும் அரைமாதமும்

பை-வீக்லி என்ற சொல்லின் தொல்லையைத் தவிர்க்க ஆங்கிலத்தில் 'ஃபோர்ட்நைட்' என்னும் நல்ல பழஞ்சொல் ஒன்று உண்டு. பதினான்கு இரவு என்னும் பழைய ஆங்கிலச் சொற்றொடர் குறுகி ஃபோர்ட்நைட் ஆயிற்று. 1984 டிசம்பரில் சென்னையிலிருந்து தொடங்கிய 'ஃபிரண்ட்லைன்' இதழ் ஃபோர்ட்நைட்லி என்று தன்னைக் குறித்தது.

ஆனால் ஃபோர்ட்நைட்டும் அரைமாதமும் ஒன்றல்ல. பதினான்கு நாளுக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 26. மாதம் இருமுறை என்றால் 24. ஒருவருக்குத் தவணைக்கு ரூ. 6,000 கூலி என்று வைத்துக்கொள்வோம். மாதம் இருமுறை தந்தால் ஆண்டுக்கு ரூ. 1,44,000. பதினான்கு நாளுக்கு ஒருமுறை தந்தால் ரூ. 1,56,000. வேறுபாடு ரூ. 12,000, அதாவது ஒரு மாதக் கூலி. வேலைக்குச் சேரும் தாளில் கையெழுத்திடுமுன் இதைக் கேட்டுத் தெளிவது நல்லது.

நம் முன்னோர் வளர்பிறை, தேய்பிறை என்று மாதத்தை இரண்டு பக்கமாகப் பகுத்தனர். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து திதிகள். சந்திர மாதம் சராசரி 29.5 நாள் ஆகையால் ஒரு பக்கம் பதினைந்து நாளுக்குச் சற்றுக் குறைவாகவே வரும். நாம் பேச்சில் 'பதினைந்து நாள்' என்பது சில இடத்தில் பதினான்கு நாளையும், சில இடத்தில் அரைமாதத்தையும் குறிப்பது இதனால்தான் போலும்.

மருந்தும் முறையும்

என் வாழ்வில் பிழை நேர்ந்தது மருத்துவத்தில். ஆகவே அத்துறையில் இச்சொற்களை எவ்வாறு கையாளுகின்றனர் என்று தேடினேன். விடை நம் ஊருக்கு அருகிலேயே கிடைத்தது.

தாம்பரத்துக்கு அடுத்த இரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம். 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு நல்வாழ்வு மனையை நிறுவினார். 1937இல் சென்னை மாகாண அரசு அதை ஏற்றுக்கொண்டது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து அறியப்படாத காலம் அது; தூய காற்று, ஓய்வு, நல்ல உணவு இவையே மருத்துவம். பின்னர் மருந்துகள் வந்தன. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டிலிருந்தபடியே சானடோரியத்துக்கு நிகரான குணம் பெறலாம் என்று 1959இல் அம்மையம் வெளியிட்ட முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றியது.

அடுத்து எழுந்த வினா, மருந்தை நாள்தோறும் தர வேண்டுமா என்பது. நாள்தோறும் விழுங்குவதாக நோயாளி சொன்னாலும் யார் பார்த்தது? வாரத்தில் சில நாள் மட்டும், செவிலியர் கண்முன்னே மருந்தைக் கொடுத்தால் என்ன? ஸ்ட்ரெப்டோமைசின், ஐசோனியசிட் ஆகிய இரண்டையும் வாரத்துக்கு இருமுறை தந்து பார்த்து, அதன் பயனை 1964இல் அம்மையம் வெளியிட்டது. அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் 'பை-வீக்லி' என்ற சொல் இல்லை. 'ட்வைஸ்-வீக்லி' என்றே உள்ளது. வாரத்துக்கு இருமுறை என்பதை வேறெவ்வாறும் படிக்க இயலாத சொல் அது.

இச்சொல்லுக்கு அங்கே எத்துணை எடை உண்டு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாள் இடைவெளி கூடும்போது ஒரு வேளைக்கான ஐசோனியசிட்டின் அளவையும் கூட்டித் தர வேண்டும். வாரம் இருமுறைக்கு உரிய அளவை நாள்தோறும் தந்தால் அது நஞ்சாகும். நாள்தோறும் தர வேண்டிய அளவை வாரம் இருமுறை மட்டும் தந்தால் கிருமி சாகாது. மருந்தை எதிர்க்கவும் பழகிக்கொள்ளும். இந்தியாவின் திருத்தப்பட்ட காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1997 முதல் வாரம் மும்முறை மருந்தளித்தது. பின்னர் 2017இல் நாள்தோறும் தரும் முறைக்கு நாடு மாறியது. 'எத்தனை நாளுக்கு எத்தனை முறை' என்ற ஒரு வினாவுக்கு விடை காண அறுபது ஆண்டு ஆய்வு தேவைப்பட்டிருக்கிறது. அந்த விடையை ஓர் இரண்டெழுத்து முன்னொட்டு கெடுத்துவிடலாகாது.

மற்ற நாடுகளும் பட்டே கற்றுள்ளன. முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்ஸேட் என்னும் மருந்தை வாரத்துக்கு ஒருமுறை உட்கொள்ள வேண்டும். அதை நாள்தோறும் உட்கொண்டு உயிரிழந்தோர் உண்டு. ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் இது குறித்து எச்சரித்து, மருந்துப் பெட்டியின் மேலேயே 'வாரத்துக்கு ஒருமுறை' என்ற நினைவூட்டல் தெளிவாக இருக்க வேண்டுமென வலியுறுத்தியது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் 'ஜாயின்ட் கமிஷன்' 2004இல் எழுதக் கூடாத சுருக்கக் குறிகளின் பட்டியல் ஒன்றைக் கொணர்ந்தது. நாள்தோறும் என்பதற்கான 'க்யூ.டி.', ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதற்கான 'க்யூ.ஓ.டி.' இரண்டும் அப்பட்டியலில் இடம்பெற்றன. நடுவில் ஓர் எழுத்து தெளிவாக விழாவிட்டால் மருந்து இரட்டிப்பாகிவிடும் என்பதே காரணம்.

நம் ஊர் மருந்துச் சீட்டிலும் 'பி.டி.' (நாளைக்கு இருவேளை), 'டி.டி.எஸ்.' (நாளைக்கு மூன்று வேளை) முதலிய இலத்தீன் சுருக்கங்கள் உள்ளன. ஆயினும் பல மருத்துவர்கள் 1-0-1 என்று எழுதுவது சிறந்த வழக்கம். காலையில் ஒன்று, பகலில் இல்லை, இரவில் ஒன்று. ஆங்கிலம் அறியாத என் பாட்டிகூட அதைத் தானே படித்துக்கொள்வார்.

தமிழ் காட்டும் வழி

இனி நம் மொழிக்கு வருவோம். 'ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம்' என்று சொல்லும் மொழி நம்முடையது. நெடுநாள் காணாத உறவினரை 'மாமாங்கத்துக்கு ஒருமுறை வருகிறீர்' என்கிறோம். குடந்தை மகாமகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 2016இல் நடந்தது, அடுத்தது 2028இல். இவற்றில் எல்லாம் ஓர் ஒழுங்கைக் காணலாம். காலத்துக்கு ஒரு சொல், முறைக்கு ஒரு சொல் எனத் தமிழ் இரண்டையும் தனித்தனியே நிறுத்துகிறது. 'வாரம் இருமுறை' என்றால் காலம் ஒன்று, முறை இரண்டு. 'இருவாரத்துக்கு ஒருமுறை' என்றால் காலம் இரண்டு, முறை ஒன்று. எண் தான் தழுவும் சொல்லின் முன்னேயே நிற்பதால் மயக்கத்துக்கு இடமில்லை. நம் பருவ இதழ்கள் 'வாரமிருமுறை', 'மாதமிருமுறை', 'இருமாத இதழ்' என்றெல்லாம் அட்டையில் அச்சிடுவதை எண்ணிப் பாருங்கள். அவற்றைப் பிறழப் படித்தவரை நான் கண்டதில்லை.

ஆயினும் தமிழில் மயக்கமே இல்லையென்று பெருமை பேசுவது நேர்மையாகாது. 'இரண்டு நாளைக்கொருமுறை' என்பதும் 'இரண்டு நாள் விட்டு ஒருமுறை' என்பதும் ஒன்றல்ல. திங்களன்று தொடங்கினால் முன்னதன்படி அடுத்தது புதன், பின்னதன்படி வியாழன். குழாயில் தண்ணீர் வரும் நாளைப் பற்றி இவ்விரண்டையும் கலந்து பேசிக் குடங்களோடு வீணே காத்திருந்த அனுபவம் எங்கள் தெருவுக்கு உண்டு. சித்த மருத்துவத்தில் 'ஒரு மண்டலம்' என்பதைப் பொதுவாக 48 நாள் என்பர். 40, 41, 45 என்று கொள்வோரும் உளர். ஆகவே ஒரு மண்டலம் உட்கொள்ளச் சொன்னால் எத்தனை நாள் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணும் பழக்கம் மற்றொரு மயக்கம். இன்று திங்களாயின் அடுத்த திங்களை 'எட்டாம் நாள்' என்கிறோம். இடையிலுள்ளதோ ஏழு நாள்தான். பண்டைய ரோமரும் இவ்வாறே எண்ணினர். அதன் அடையாளத்தை நம் விலங்கியல் பாடத்திலேயே காணலாம். பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்னும் ஒட்டுண்ணியால் வரும் மலேரியாவில் 48 மணிக்கு ஒருமுறை காய்ச்சல் ஏறும். அதாவது ஒருநாள் விட்டு ஒருநாள். ஆனால் அதன் பெயர் 'டெர்ஷியன்', மூன்றாம் நாள் காய்ச்சல்! பிளாஸ்மோடியம் மலேரியே தரும் 72 மணி நேரக் காய்ச்சலுக்கு 'குவார்ட்டன்', நான்காம் நாள் காய்ச்சல் என்று பெயர். காய்ச்சல் வந்த நாளை முதலாம் நாளாக வைத்து எண்ணினால்தான் இப்பெயர்கள் பொருந்தும். 'டெர்ஷியன் என்றால் 72 மணி' என்று தேர்வில் எழுதி மதிப்பெண் இழந்த நண்பர்கள் இந்த இரகசியத்தை அறிந்துகொள்வாராக.

நாம் செய்யத்தக்கவை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து சில விதிகளை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, பை-வீக்லி, பை-மந்த்லி என்னும் சொற்களை நாம் எழுதாதிருப்போம். ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால் 'ட்வைஸ் எ வீக்' அல்லது 'ஒன்ஸ் இன் டூ வீக்ஸ்' என்று விரித்தெழுதுவோம். இரண்டு சொல் கூடுதலாகும், ஐயம் நீங்கும்.

இரண்டாவது, பிறர் எழுதியதைப் படிக்கும்போது இரண்டு எண்களைத் தேடுவோம். எத்தனை முறை என்பது ஒன்று. எவ்வளவு காலத்துக்கு என்பது மற்றொன்று. இரண்டில் ஒன்று இல்லையெனில் அந்த வாக்கியம் முடிவுபெறவில்லை என்று கொண்டு, எழுதியவரையே கேட்போம்.

மூன்றாவது, இயன்றவரை கிழமையையே குறித்துவிடுவோம். இரயில் அட்டவணையில் பை-வீக்லி என்ற சொல்லின் அருகே வண்டி ஓடும் கிழமைகளும் இருப்பதால்தான் பயணிகள் தவறுவதில்லை.

இந்த மூன்றாவது விதி எனக்கு அந்தச் செவிலியர் தந்தது. இரண்டாம் முறை சித்தப்பாவை வீட்டுக்கு அனுப்பும்போது, சீட்டின் பின்புறம் 'திங்கள், வியாழன்' என்று தமிழில் எழுதிச் சித்தியின் கையிலேயே கொடுத்தார். சித்திக்கு அதைப் படிக்க என் உதவி தேவைப்படவில்லை. அந்த இரண்டு மாதமும் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

சித்தப்பா என்னைக் கடிந்துகொள்ளவே இல்லை. "எழுதுனவன் புரியற மாதிரி எழுதல, நீ என்னடா பண்ணுவ" என்றார். அவர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி எனக்குத் தெரியும். மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்டால் எனக்கு ஆங்கிலம் தெரியாதென்று வீட்டார் எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சம் என் வாயை அடைத்துவிட்டது. படித்தவன் என்ற பெயரைக் காத்துக்கொள்ள அவருடைய காலைப் பணயம் வைத்தேன்.

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர், என்னைப் போல் தம் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். நம் கைக்கு வரும் ஒவ்வொரு காகிதத்தின் பின்னாலும் நம் சொல்லை நம்பி நிற்கும் ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தெரிந்ததைத் தெரிந்ததென்று சொல்வோம். தெரியாததை, "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்போம். இன்றும் வீட்டில் ஆங்கிலச் சீட்டு ஏதேனும் வந்தால் சித்தி என்னிடமே நீட்டுகிறார். இப்போது நான் முதலில் தேடுவது அந்த இரண்டு எண்களைத்தான்.